கை விறைத்தவனுக்கு பிரேக் ஏது?

"இந்த நாட்டில் குளிர் எங்கே இருக்கிறது? கையுறை என்பது பொடியன்களின் ஸ்டைல்." கொழும்பில் வீதிப் பாதுகாப்புப் பற்றி நடந்த ஒரு கூட்டத்தில், குளிரூட்டிய மண்டபத்தில் கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்த ஒருவர் என்னிடம் சொன்ன வாசகம் இது. பெயர் வேண்டாம். அவர் ஒருவருடைய கருத்தாக இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். ஆனால் தலைநகரத்தில் அமர்ந்து நாடு முழுவதற்கும் விதி எழுதுகிற ஒரு வர்க்கத்தின் கருத்து அது. கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்தில் வாழ்பவர்களுக்கு, அதே தீவில் ஆயிரத்து நானூறு மீற்றர் உயரத்தில் விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் உதைக்கிற ஒருவனின் விரல்களைப் பற்றி என்ன தெரியும்?

கொஸ்லந்தவைப் பற்றி எழுதினால் வெளிநாட்டு வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மீரியபெத்த தோட்டத்தின் லயங்களை மலை இறங்கி வந்து மூடியது. அன்று உலகத்துக் கமராக்கள் எல்லாம் அங்கே வந்தன; பிறகு போய்விட்டன. மண்சரிவு வராத நாட்களில் கொஸ்லந்தவில் மனிதர்கள் எப்படி வேலைக்குப் போகிறார்கள், எந்த வீதியில் போகிறார்கள், எதை உடுத்திக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் செய்தியே அல்ல. இந்தக் கட்டுரை அந்தச் செய்தியல்லாத விடயத்தைப் பற்றியது. குறிப்பாகச் சொன்னால், கையுறையைப் பற்றியது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

வெல்லவாயவிலிருந்து புறப்படும் ஏ-4 வீதியை எடுத்துக்கொள்வோம். வெல்லவாய கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீற்றர். வியர்வை வழியும் ஊர். அங்கிருந்து தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி, கொஸ்லந்தவைக் கடந்து, பெரகல சந்தியில் திரும்பி ஹப்புத்தளைக்கு ஏறினால் 1,400 மீற்றருக்கு மேல் வந்துவிடுவீர்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆக, ஒரே பயணத்தில் எட்டுப் பாகை போய்விடுகிறது. பனியன் போட்டுப் புறப்பட்டவன் பல் கிடுகிடுக்க வந்து சேர்கிறான். எதிர்த்திசையில் வருகிறவனின் நிலைமை இதனிலும் மோசம். அவன் குளிரிலிருந்து புறப்படுகிறான். விரல்கள் முதலிலேயே விறைத்துவிடுகின்றன. அந்த விறைத்த விரல்களோடுதான் கீழே இறங்கும் வளைவுகள் அத்தனையிலும் அவன் பிரேக் பிடிக்க வேண்டும்.

இதுவும் வெப்பமானி காட்டும் கணக்கு மட்டுமே. ஓடும் வண்டியில் இருப்பவனுக்கு வெப்பமானி எதையும் சொல்வதில்லை. கனடாவும் அமெரிக்காவும் 2001இல் ஏற்றுக்கொண்ட காற்றுக்குளிர்க் கணக்கின்படி, பத்துப் பாகை வெப்பத்தில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகக் காற்று வெறும் தோலில் பட்டால் அது ஏறத்தாழ ஆறு பாகை போல உறைக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் நுவரெலியாவின் புல்வெளிகளில் தரைப்பனி விழுவது எல்லோரும் அறிந்தது. ஊவாவின் உயர்ந்த தோட்டங்கள் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அந்த மாதங்களின் விடியலில் அங்கே வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு மழை. ஊவாவுக்கு மழை வருவது பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, அதாவது குளிரும் மழையும் கைகோத்துக்கொண்டு வரும். நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவது. நனைந்த கையில் காற்று அடித்தால் அந்த நீர் ஆவியாகி, மிச்சமிருக்கும் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. கொட்டும் மழையில் பதினைந்து பாகை, காய்ந்த காற்றில் எட்டுப் பாகையைவிடக் கொடியதாக இருப்பது இதனால்தான்.

ஆடி, ஆவணி மாதங்களில் இன்னொன்று வரும். கச்சான் என்று நம்மவர் அழைக்கும் வறண்ட தென்மேற்குக் காற்று, மலை இடுக்குகள் வழியே ஊவாவுக்குள் பாயும். அந்தக் காற்று கொழுந்தை வாட்டுவதால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகமெங்கும் பேர்போன அந்த வாசம் வருகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கிடைக்கும் தேயிலைக்கு ஏலத்தில் தனி மரியாதை. லிப்டன் துரை தம்பதென்னவை வாங்கிய காலத்திலிருந்து இந்தக் காற்றுக்கு விலை உண்டு. அதே காற்றில் அதிகாலை வண்டி ஓட்டிப் போகிறவனின் கைக்கு மட்டும் விலை கிடையாது.

இங்கே புலம்பெயர்ந்த நண்பர்களிடம் ஒரு கேள்வி. டொரொன்டோவில், ஒஸ்லோவில் வாழ்கிற நீங்கள் "உங்கள் குளிரெல்லாம் ஒரு குளிரா?" என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் ஜனவரி மாதத்தில் உங்களில் எத்தனை பேர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்கள்? அங்கே பெரும்பாலோர் குளிர் தொடங்கியதும் வண்டியைப் போர்வை போட்டு மூடி, பற்றரியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் இரண்டு சக்கரத்தில் போகிறவன் ஹப்புத்தளையில் இருக்கிறான், ஊட்டியில் இருக்கிறான், கொடைக்கானலில், மூணாறில், டார்ஜிலிங்கில், காத்மண்டுவில் இருக்கிறான். குளிர் நாட்டுக்காரனுக்குக் கையுறை இருக்கிறது, ஆனால் அவன் ஓட்டுவதில்லை. நம்மவன் ஓட்டுகிறான், கையுறை இல்லை. உலகச் சந்தையின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

சரி, கை விறைத்தால் என்ன? உறைபனியில் விரல் கருகி விழப்போவதில்லையே? இல்லைதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

குளிர் பட்டதும் உடல் முதலில் செய்யும் வேலை, இருதயத்தையும் ஈரலையும் காப்பாற்றுவதற்காகக் கை கால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது. விரல்கள் மெலிந்தவை, சதையைவிடத் தோல் பரப்பு அதிகம், அதனால் சூட்டை முதலில் இழப்பவை அவைதான். கைத் தோலின் வெப்பம் ஏறத்தாழ பதினைந்து பாகைக்குக் கீழே இறங்கினால் விரல்களின் லாவகம் குறையத் தொடங்குகிறது. இன்னும் இறங்கினால் தொடு உணர்வே மங்கிவிடும். விரலை மடக்கும் தசைகளில் பெரும்பகுதி விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நரம்புக் கயிறுகள் மணிக்கட்டு வழியாக விரலுக்கு ஓடுகின்றன. சட்டைக் கைக்கும் கையுறைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளியில் காற்றுப் புகுந்தால், உள்ளே விரல் எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் பிடி தளரும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் குட்டைக் கையுறைகளின் முதற்குற்றம் இதுதான்.

இப்போது வண்டிக்கு வருவோம். மோட்டார் சைக்கிளில் வலது கை முன் பிரேக்கையும் வேகத்தையும் பார்த்துக்கொள்கிறது. இடது கை கிளட்சை. கடுமையாக நிறுத்தும்போது நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன் சக்கரமே செய்கிறது; இறக்கத்தில் பாரம் முன்னுக்குச் சாய்வதால் அது இன்னும் கூடும். ஸ்கூட்டருக்கோ கால் பிரேக்கே கிடையாது. இரண்டு பிரேக்கும் இரண்டு கைகளில். மலையக வீதிகளில் இன்று ஸ்கூட்டரில் போகிறவர்களைப் பாருங்கள்: பெரும்பாலும் பெண்கள், பாடசாலை ஆசிரியைகள், தாதியர், வங்கிக் காசாளர். பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தப் பக்கம் இறங்கும் ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னார்: "பாதி வழியில கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிரும் சேர். பிரேக் பிடிச்சனா இல்லையாண்டு கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவேன்."

பிரேக் பிடித்தோமா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலை! மணிக்கு 40 கிலோமீற்றரில் ஒரு வினாடிக்குப் பதினொரு மீற்றர் போகிறீர்கள். விறைத்த கை அரை வினாடி தாமதித்தால் ஐந்தரை மீற்றர். எதிரே மூடுபனிக்குள்ளிருந்து வரும் கொழுந்து லொறியின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்னொரு ஆபத்தும் உண்டு. உணர்வு மங்கிய கை, மெதுவாகப் பிடிக்க வேண்டிய இடத்தில் இறுக்கிப் பிடித்துவிடும். ஈரத் தார் வீதியில், வளைவில், முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல நான் தேவையில்லை.

எனவே கையுறை உடையைச் சேர்ந்தது அல்ல, பிரேக்கைச் சேர்ந்தது என்பதே என் வாதம். பிரேக் கம்பி துருப்பிடித்த வண்டியை பொலிஸ்காரர் மறிக்கலாம். கம்பியை இழுக்கும் கை செத்துப்போயிருந்தால் கேட்பாரில்லை.

தலைக்கு மட்டும் கேட்பார் உண்டு. தலைக்கவசம் கட்டாயம், நல்லது, அதை நான் எதிர்ப்பவன் அல்ல. ஆனால் நம் அதிகார வர்க்கம் அந்தத் தலைக்கவசத்தையும் எந்தக் கண்ணால் பார்த்தது? 2015இல் முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசத்தைத் தடை செய்ய முயன்றார்கள். திருடர்கள் முகத்தை மறைக்கிறார்களாம். விடயம் நீதிமன்றம் வரை போனது. மழையிலும் மூடுபனியிலும் கண்ணாடி இறக்காமல் முகத்தைத் திறந்துகொண்டு ஹப்புத்தளை ஏற்றத்தில் ஓட்ட முடியுமா என்று அந்த யோசனையைச் சொன்னவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. கொழும்பில் முகமூடி என்றால் திருடன். மலையில் அது முகத்துக்குக் கூரை.

இந்த வெற்றிடத்தில் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? நான் கண்டவற்றைச் சொல்கிறேன். காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். பெருவிரல் தனியே பிரியாததால் கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடிக்க முடியாது. பாண் வாங்கிய பொலித்தீன் பையைக் கையில் கட்டிக்கொள்கிறார்கள். காற்று நிற்கும், ஆனால் நனைந்த பொலித்தீன் பிரேக் பிடியில் வழுக்கும். ஒரு கையை விட்டுவிட்டு, குனிந்து இயந்திரத்தின் சூட்டில் உள்ளங்கையைக் காய்ச்சிக்கொண்டே வளைவில் திரும்புகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். விடியலில் பத்திரிகைக் கட்டை எடுத்துப் போகும் ஒரு தம்பி, கொஸ்லந்தக் கடைத்தெருவில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, குடிக்காமலேயே நின்றான். "குடிக்கலையா தம்பி?" என்றேன். "மொதல்ல கை குடிக்கட்டுங்கய்யா" என்றான். அவன் சட்டைக்குள் நெஞ்சோடு இரண்டு பத்திரிகைகள் மடித்துச் செருகப்பட்டிருந்தன. நாற்பது வருடம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் தலையங்கங்கள் இவ்வளவு பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

அவன் செய்தது சரியும்கூட. நெஞ்சு சூடாக இருந்தால்தான் உடல் விரலுக்கு இரத்தம் அனுப்பும். மேலுடம்பு நடுங்கும்போது கையுறை மட்டும் போட்டுப் பயனில்லை. பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே அடைபடும் காற்றுத்தான் குளிருக்கு அணை. எந்த விலையுயர்ந்த கம்பளிக்கும் அடிப்படை அதுவே.

கடைக்குப் போனால் இன்னொரு கூத்து. கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டியில் கறுப்புப் பிளாஸ்டிக் புடைத்து நிற்கும் கையுறைகள். பந்தயக்காரர் தோரணை. உள்ளே வலைத்துணி. வியர்வை வெளியேற வேண்டிய வெல்லவாய வெயிலுக்கு அது சரி. ஹப்புத்தளைக் காற்றுக்கு அது சல்லடை. பக்கத்தில் விரல் நுனி வெட்டிய கையுறை, குளிர் முதலில் தாக்கும் இடத்தைத் திறந்து வைத்து மற்றதை மூடுவது! மறுபக்கத்தில் கம்பளி நூலில் பின்னியது. கம்பளி வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு அமிர்தம். ஓடுகிற வண்டியில் காற்று அதன் ஒவ்வொரு கண்ணியிலும் நுழையும். மழையில் அது தண்ணீரைக் குடித்துத் தொங்கும். கம்பளியைக் குறை சொல்லவில்லை. அதன் இடம் உள்ளே. வெளியே காற்றை நிறுத்தும் ஒரு தோல் வேண்டும்.

குளிருக்குக் கையுறை தேடுகிறவர்கள் செய்யும் பெருந்தவறு, தடிப்பைப் பார்த்து வாங்குவது. முதலில் காற்று, அடுத்து நீர், அதற்குப் பிறகுதான் தடிப்பு. கடையிலேயே சோதிக்கலாம். கையுறையின் உள்ளங்கைப் பக்கத்தில் வாயை வைத்து ஊதுங்கள்; மறுபுறம் மூச்சு தெரிந்தால் காற்று நுழையும். பிறகு வாய்ப்பக்கத்தைச் சுருட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு பலூனைப் போல அமுக்குங்கள்; தையல்கள் வழியே காற்று சீறினால், அட்டையில் "வாட்டர்ப்ரூஃப்" என்று எத்தனை மொழியில் எழுதியிருந்தாலும் அது நீரைத் தாங்காது. துணிக்கு மேலே மெழுகுபோல ஒன்று பூசி, தண்ணீர் உருண்டோடுவதைக் காட்டி விற்பார்கள். அரைமணி நேர மழையில் சாயம் வெளுத்துவிடும். உண்மையில் நீரைத் தடுப்பவற்றில் வெளித்துணிக்கும் உட்துணிக்கும் நடுவே கோர்-டெக்ஸ் போன்ற ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதற்கு உள்ளே தின்சுலேட் போன்ற நுண்ணிழைப் பஞ்சு ஓர் அளவோடு இருந்தால் ஊவாவுக்குத் தாராளம்.

அளவு என்ற விடயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். இறுக்கமாக இருந்தால்தான் சூடு என்று நினைப்பது பிழை. இறுக்கிய கையுறை பஞ்சை நசுக்கி அதிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. விரலின் இரத்தத்தையும் தடுக்கிறது. கையுறையை மாட்டிக்கொண்டு, கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியிலேயே போய் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். விரலை மடக்கும்போது நுனி இடிக்கக் கூடாது. உள்ளங்கையில் துணி மடிந்து கட்டியாகக் கூடாது. இரண்டு விரலால் பிரேக் பிடியைத் தொட்டால் அதன் விளிம்பு தெரிய வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மணிக்கட்டுப் பட்டியைக் கட்டிவிட்டு, விரல் நுனியைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் விழும்போதும் கழன்று போகும். விழுகிறவன் முதலில் ஊன்றுவது கையைத்தான்; ஆகவே உள்ளங்கையில் நல்ல தோலோ அதற்கு ஈடான தடித்த துணியோ இரட்டையாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்கு ஈ.என். 13594 என்றொரு தரம் உண்டு. உராய்வு, கிழிவு, கழன்றுபோகாமை எல்லாவற்றையும் சோதித்து ஒன்று, இரண்டு என்று நிலை கொடுப்பார்கள். அந்த எண் உட்பக்கச் சீட்டில் இல்லாமல், முட்டியில் பிளாஸ்டிக் மட்டும் இருந்தால் அது அலங்காரம்.

மழையில் கையுறையின் வாயை மேற்சட்டைக் கைக்கு உள்ளே விட வேண்டுமா, வெளியே விட வேண்டுமா என்று தேநீர்க் கடைகளில் சண்டையே நடக்கும். வண்டி ஓட்டும்போது கை கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் தோளில் விழுந்த மழை சட்டைக் கையில் வழிந்து மணிக்கட்டுக்கு வருகிறது. கையுறை சட்டைக்கு மேலே இருந்தால் அது புனல் மாதிரி அத்தனையையும் விரலுக்குள் இறக்கிவிடும். சட்டைக் கை மேலே இருக்கட்டும்.

இதெல்லாம் வாங்கக் கூடியவனுக்கு. நல்ல சோடி ஒன்றின் விலை தோட்டத்து வீட்டில் பல நாட்களின் உழைப்பு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அதற்கும் எத்தனை வருடப் போராட்டம் என்பது தெரிந்த கதை. ஆகவே காசில்லாதவன் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய இறப்பர்க் கையுறையை வெறும் கையில் மாட்டி, அதற்கு மேல் கம்பளிக் கையுறையைப் போடலாம். காற்றும் நீரும் தோலைத் தொடாது. அரைமணி நேரத்துக்கு மேல் போனால் வியர்த்து நனைந்துவிடும், அது ஒரு குறை. மழை நாளில், கம்பளியை உள்ளே போட்டு, பாத்திரம் கழுவும் இறப்பர்க் கையுறையில் பெரிய அளவை வெளியே போடலாம். குளிர்க் கடல் மீனவர்கள் இப்படிச் செய்வதுண்டு. உள்ளங்கையில் சொரசொரப்பு உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். விழுந்தால் அது காப்பாற்றாது என்பதையும் மறக்கக் கூடாது. வெற்று எண்ணெய்க் கலனைப் பிளந்து கைப்பிடிக்கு முன்னால் கேடயம்போலக் கட்டிவிட்டால் காற்றின் பாதி நின்றுவிடும். திருப்பும்போது பிடிகளில் உரசாமல் இருந்தால் போதும்.

இறப்பர்க் கையுறை என்றதும் நெஞ்சு கொதிக்கிறது. இலங்கை எதற்குப் பேர்போன நாடு? தேயிலைக்கு என்பீர்கள். கையுறைக்கும்தான். 1976இல் தொடங்கிய டிப்ட் புரொடக்ட்ஸ் நிறுவனமும், பியகமவில் இயங்கும் அன்செல் நிறுவனமும் உலகின் எத்தனையோ நாடுகளின் சமையலறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கையுறை அனுப்புகின்றன. மீன் வெட்டுகிறவனுக்கு ஒன்று, இரசாயனம் கலக்குகிறவனுக்கு ஒன்று, கண்ணாடி தூக்குகிறவனுக்கு ஒன்று என்று, அந்நிய தேசத்துக் கைகளின் அளவும் தேவையும் நமக்கு அத்துப்படி. டிப்ட் புரொடக்ட்ஸ் இருக்கும் அதே ஹெய்லிஸ் குழுமம் தேயிலைத் தோட்டங்களையும் நடத்துகிறது. நான் இங்கே யாரையும் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை. கையுறை செய்யும் அறிவும் தேயிலை மலையின் குளிரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருக்கின்றன என்கிறேன். காற்றையும் நீரையும் நிறுத்தும் இறப்பர் தோலும், உள்ளே பஞ்சும், உள்ளங்கையில் தடிப்பும் வைத்து, மலைநாட்டு வண்டிக்காரனுக்கு மலிவான ஒரு சோடி செய்வது இவர்களுக்கு விண்வெளி விஞ்ஞானமா? நாட்டில் பதிவான மோட்டார் சைக்கிள்கள் நாற்பது இலட்சத்துக்கு மேல். சந்தை இல்லை என்று சொல்ல முடியாது.

இனிச் சட்டம். பிரான்சில் 2016 நவம்பர் 20 முதல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், பின்னால் இருப்பவரும் உட்பட, தரமுத்திரையுள்ள கையுறை அணிவது கட்டாயம். இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் ஏமாந்தீர்கள். வேண்டாம். மலையகத்தில் அது இன்னொரு தண்டப்பணச் சீட்டாகத்தான் முடியும். வெல்லவாயவின் முப்பத்திரண்டு பாகையில் கையுறை போடாத ஒருவனை மறித்து நிறுத்தும் காட்சியை இப்போதே பார்க்கிறேன்.

நான் கேட்பது வேறு. 2024 தொடக்கத்திலிருந்து 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. தரமுத்திரையுள்ள பாதுகாப்புக் கையுறையை அதிலிருந்து விலக்குங்கள். இரண்டாவது, ஒருவனுடைய வேலைக்கு மோட்டார் சைக்கிள் அவசியம் என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்கிற ஒவ்வொரு முதலாளியும் தலைக்கவசத்தோடு கையுறையும் கொடுக்க வேண்டும். லயத்து லயமாகக் கடன் தவணை பிரிக்க ஆள் அனுப்பும் நிதி நிறுவனங்கள், வெளிக்கள உத்தியோகத்தரை மலை முழுதும் ஓடவிடும் தோட்ட நிர்வாகங்கள், பொதி விநியோகக் கம்பனிகள். சப்பாத்துக்கும் கழுத்துப்பட்டிக்கும் விதி வைத்திருக்கிறார்கள். தவணை தவறினால் எவ்வளவு அபராதம் என்பதற்கும் விதி வைத்திருக்கிறார்கள். தவணை பிரிக்க வருகிற பையனும் லயத்துப் பிள்ளைதான் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

என் சொந்தத் தொழிலையும் விட்டுவிடப் போவதில்லை. பிரதேச நிருபர்கள் என்றொரு இனம் உண்டு. மண்சரிவென்றாலும் விபத்தென்றாலும் முதலில் போய்ச் சேருவது அவர்களின் மோட்டார் சைக்கிள்தான். எழுதிய செய்திக்குக் கணக்குப் பார்த்து, அதிலும் அச்சான செய்திக்கு மட்டும், பணம் கொடுக்கும் பத்திரிகைகளை நான் அறிவேன். பெற்றோல் காசு கேட்டால் முகம் சுளிப்பார்கள். அந்த நிருபர் அனுப்பிய படத்தை முதற்பக்கத்தில் ஐந்து பத்திக்குப் போடுவார்கள். மழையில் நனைந்த கை நடுங்கியதால் படம் மங்கிவிட்டது என்று ஒருவரைத் தொலைபேசியில் கடிந்துகொண்ட ஆசிரியர் ஒருவரையும் நான் பார்த்திருக்கிறேன். பத்திரிகை முதலாளிகளே, ஊவாவுக்கும் நுவரெலியாவுக்கும் உங்கள் நிருபர்களும் முகவர்களும் எத்தனை பேர்? நூறு சோடி போதாதா? ஒருநாள் முழுப்பக்க விளம்பரத்தின் சில அங்குலம்.

கடைசியாக, ஊருக்குப் பெட்டி அனுப்பும் உறவுகளுக்கு. சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் பனிச்சறுக்குக் கையுறை அனுப்பாதீர்கள். அது தலையணை போலத் தடித்தது. உள்ளே விரல் இருப்பது பிரேக் பிடிக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளுக்கென்று செய்ததையே தேடுங்கள். உங்கள் ஊரில் குளிர்காலம் முடியும் மார்ச், ஏப்ரலில் விலையைக் குறைத்துப் போடுவார்கள். அப்போது வாங்கினால் ஒக்டோபர் மழைக்கு முன் இங்கே வந்துவிடும். நடுத்தரக் குளிருக்கானது போதும், கடுங்குளிருக்கானது வேண்டாம். வாங்குவதற்கு முன் ஊரில் உள்ளவரிடம், பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் சுற்றளவை நூலால் அளந்து சென்ரிமீற்றரில் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தங்கைக்கு என்றால் பெண்கள் பிரிவில் மிகச் சிறிய அளவைப் பாருங்கள். இங்குள்ள கடைகளில் கிடைக்காதது அதுதான், ஸ்கூட்டர் ஓட்டும் ஆசிரியைகள் அண்ணன்மாரின் கையுறைக்குள் விரலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கைமேல் வெள்ளிநிறப் பட்டி உள்ளதாக எடுங்கள். மூடுபனியில் கை காட்டித் திரும்பும்போது பின்னால் வருகிற பஸ்காரருக்குத் தெரியும். நனைந்த கையுறையை அடுப்புக்கு மேலே காயப்போட வேண்டாம் என்றும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். தோல் வெடித்துவிடும், உள்ளே பழைய பத்திரிகையைத் திணித்து நிழலில் வைத்தால் ஒரே இரவில் ஈரம் இழுத்துவிடும்.